மூன்று நிமிடத் தட்டும் சூசையின் கடைசி அடியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வானொலி நிலையத்துக்கு வந்து ஒரு மரண அறிவித்தலை வாசித்துவிட்டுப் போனேன். அடுத்த நாளே, இப்போது நிகழ்ச்சி நடத்துகிற உங்கள் கைபேசிக் குழுவில் கேள்வி வந்துவிட்டது: "அன்ரி, நேரம் தாண்டினால் எங்களை ஏசுறது நீங்கள்தானே. நீங்களே ஒண்டரை நிமிஷம் ஒண்டும் கதைக்காமல் மைக்கைத் திறந்து வைச்சிருந்தனீங்கள். மெஷினிலை ஏதும் பிழையோ?"

பிழை இருந்தது. மெஷினைக் குறை சொல்ல முடியாது. அது பல வருடம் பழைய பிழை, என்னுடையது. கைபேசியில் தட்டி முடிக்கிற கதை இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு வாய் நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கதையில் குற்றவாளியும் அந்த வாய்தான்.

சிரிக்கக்கூடிய ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு அதற்கு இடம் வராது.

நான் வானொலிக்கு வந்த புதிது. எங்கள் மரண அறிவித்தல்களின் ஒழுங்கு உங்களுக்கு இப்போது பழகியிருக்கும். இறந்தவர் பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிறகு இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னார் இன்னாரின் தந்தை, மாமன், மைத்துனர் என்று ஒரு கிளை விடாமல் போகும். அந்த வரிசையில் யாராவது ஏற்கெனவே இறந்திருந்தால் அவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும். ஒருநாள் அவசரத்தில் அந்தச் சொல்லை ஒரு பெயர் முன்கூட்டியே வாசித்துவிட்டேன். இங்கே ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவாவில் நல்ல சுகத்தோடு இருந்த ஒரு மைத்துனரைக் கொன்றுவிட்டேன். அடுத்த பாட்டு முடிவதற்குள் தொலைபேசி அடித்தது.

"வணக்கம் தங்கச்சி. காலஞ்சென்றவன் கதைக்கிறன்."

கதிரையை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

"பயப்பிடாதேங்கோ. இப்பத்தான் சோறு திண்டனான். மனுசி பக்கத்திலை இருந்து சிரிக்கிறா. அவவுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் எண்டுதான் விளங்கேல்லை. ஒருக்கா என்னை எழுப்பி விடுங்கோ, நாளைக்கு வேலைக்குப் போகவேணும்."

அதே நிகழ்ச்சியில் மன்னிப்புக் கேட்டு அவரை எழுப்பினேன். அன்றிலிருந்து அந்தச் சொல் வரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டுதான் வாசிப்பேன்.

நிகழ்ச்சிக்கு 'வேர்ப்பாட்டு' என்று பெயர் வைத்தவள் நான்தான். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் அமெரிக்க நாட்டுப்புறத்துப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத ஆள் இல்லை. சம்பந்தம் ஒரு சமையலறை. கிழமை நாட்களில் குரோருட்டில் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்த் துப்புரவு செய்து, சாப்பாடு கொடுக்கும் வேலை எனக்கு. அதில் ஒருவர் கப்பலில் என்ஜின் பார்த்து ஓய்ந்தவர். அமெரிக்காவின் தெற்குத் துறைமுகங்களில் இறங்கும்போதெல்லாம் பழைய இசைத்தட்டுகள் வாங்கிச் சேர்த்திருந்தார். நான் பாத்திரம் கழுவுவேன், அவர் தட்டுப் போடுவார். என் நோர்வேஜிய மொழி அப்போது நொண்டி. அதற்காக அவர் தன் மொழியையும் நொண்ட வைத்து, ஒவ்வொரு சொல்லாகக் கதை சொல்வார்.

பாஞ்சோ என்ற அந்த வாத்தியம் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மனிதர்களின் நினைவில் கடல் கடந்து வந்தது என்று சொன்னார். கையில் கொண்டுவர எதுவும் விடப்படாதவர்கள், அங்கே சுரைக் குடுவையைத் தேடி மறுபடி செய்துகொண்டார்கள். பிறகு அதை மலைநாட்டு வெள்ளைக்காரர் கற்றுக்கொண்டு தங்கள் சொத்தாகவே ஆக்கிவிட்டார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒருவரிடம் ஒருவர் மெட்டு வாங்கி வாசித்தார்கள். இசைத்தட்டுக் கம்பனிகள் மட்டும் ஒரே மெட்டை இரண்டு பட்டியலில் போட்டு, நிறம் பிரித்து விற்றன. "பாட்டுக்குத் தோல் இல்லை, விற்பவனுக்குத்தான் கண் இருக்கிறது" என்பார் அந்த மனிதர்.

அவர் சொன்னதில் என் மனதை விட்டுப் போகாதது மூன்று நிமிடத் தட்டின் கதை. அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கொள்ளும். கம்பனிக்காரர் ஊர் ஊராகப் போய் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, வயலில் இருந்தும் சுரங்கத்தில் இருந்தும் வருகிறவர்களைப் பாட வைப்பார்கள். வீட்டில் அரை மணித்தியாலம் ஓடுகிற பாட்டு. அங்கே நேரம் நெருங்கியதும் சுவரில் ஒரு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் முடிக்க வேண்டும். கப்பல் தாழ்கிற கதையென்றால் தாழ்வதற்கு முன் முடியும். மீதி அடிகள் பாடியவரோடு வீட்டுக்குத் திரும்பிப் போய்விடும்.

தட்டு முடிந்ததும் நான் ஊசியைத் தூக்கப் போவேன். "வெந்த்," என்பார். பொறு என்று அர்த்தம். ஊசி கடைசி வரியில் சுற்றிச் சுற்றி இரைந்துகொண்டிருக்கும். மீதி இதற்குள்தான் இருக்கிறது என்பார். வயதானவர், ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்.

அவர் போனபிறகு தட்டுகள் என்னிடம் வந்தன. அவற்றோடு நான் வானொலிக்கு வந்தேன். ஞாயிறு இரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை, பாட்டும் அதன் கதையும், நிகழ்ச்சி முடிவில் ஊர் அறிவித்தல்கள்.

ஒருமுறை சிறைப் பண்ணைக் கைதிகள் கோடரி வீசிக்கொண்டு பாடிய பாட்டொன்றைப் போட்டேன். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் கோடரி விழும் தாளத்தில் சேர்ந்துகொள்வார்கள். களைத்தவன் பின்தங்கி அடிவாங்காமல் பாட்டு அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதைச் சொல்லி முடித்ததும் ஒரு அழைப்பு.

"அக்கா, நான் சூசை. ரொம்சோஸிலை இருக்கிறன், பஸ் ஓடுறனான். நீங்கள் இப்ப போட்டது எங்கட அம்பா எல்லோ?"

"அம்பாவோ?"

"கரைவலை இழுக்கேக்கை பாடுறது. மன்னார்க் கரையிலை வந்து கேட்டுப் பாருங்கோ. நீங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள், உங்களுக்கு எங்கை தெரியப்போகுது."

"ஏன், யாழ்ப்பாணத்திலை கடல் இல்லையோ?"

"கடல் இருக்கு. நீங்கள் மீனைத் தட்டிலைதானே பாத்திருப்பியள்."

அப்படித் தொடங்கிய பழக்கம். சில ஞாயிறுகளில் வந்து அம்பா பாடினார். கோடரிப் பாட்டையும் அதையும் அடுத்தடுத்துப் போட்டால் எது எந்தக் கடற்கரை என்று பிரிக்க முடியாது. குரல் ஒன்றும் இனிமையில்லை. கயிறு இழுத்த குரல்.

ஒரு தவக்காலத்தில் அவர் வேறொரு பாட்டோடு வந்தார். அன்றுதான் தம்பியைப் பற்றிச் சொன்னார். போரின் கடைசி வருடத்தில் காணாமல் போனவர். உடல் இல்லை, கடிதம் இல்லை, கண்ட சாட்சி இல்லை. மன்னாரில் தாயும் தங்கையும். தாய் அந்த மகனுக்காக மெழுகுதிரி ஏற்றுவாள், இறந்தவர்களுக்கான பூசை மட்டும் கொடுக்கமாட்டாள்.

அவர்கள் குடும்பத்தில் சாவுக்குப் பாடும் ஒப்பாரி ஒன்று இருக்கிறது. ஏழு அடி. முதல் ஆறில் கடல் வரும், மாதா வருவா, வீடு வரும். இறந்தவரின் பெயர் ஏழாவது அடியில்தான் வரும். பெயர் சொல்லும்வரை ஆள் போனதாகக் கணக்கில்லை, வாசல் படலையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வார்கள். தம்பிக்காக அதை யாரும் பாடியதில்லை. சூசை வருடக்கணக்காகத் தாயைக் கெஞ்சி, கடைசியில் அவள் சம்மதித்திருந்தாள்.

"அம்மா சொன்னவா, என்ரை வாயாலை என்னாலை ஏலாது, நீ பாடு எண்டு. நீ பேரைச் சொல்லிக் கேட்டால் நான் பூசை குடுக்கிறன் எண்டு. அடுத்த சனி பூசை, சுவாமியோடை கதைச்சாச்சு. தம்பி போட்ட சேட்டுகளையும் கோயிலுக்குக் குடுக்கக் கட்டி வைச்சிட்டா."

"வீட்டிலை போனிலை பாடினால் என்ன, சூசை?"

"வீட்டுக்கை சொன்னால் அது அழுகை அக்கா. நாலு பேர் கேக்கச் சொன்னால்தான் சாவு. எங்கட ஊர் ஆக்கள் நாலு பேர் சேருற இடம் இப்ப உங்கட மைக் ஒண்டுதான். ஏழு நிமிஷம் போகும். பேர் கடைசியிலை வருகுது, அதை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ."

ஓம் ஓம் என்றேன். தட்டு ஒன்றைத் தேடிக்கொண்டே சொன்னேன்.

அந்த ஞாயிறு அவர் பாட்டை இரண்டே முக்கால் மணிக்கு வைத்திருந்தேன். மன்னாரில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். இணையத்தில் எங்கள் ஒலிபரப்பைக் கேட்கத் தாய் மகளின் கைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு இருப்பாள். பாட்டுக்கு முன்னால் பொருத்தமாக ஒரு கதை சொல்ல ஆசைப்பட்டேன். மூன்று நிமிடத் தட்டின் கதைதான். ஐந்து நிமிடம் என்று தொடங்கினேன். சுவரில் எரியும் விளக்கு, பாதியில் நின்ற கப்பல், வீட்டுக்குத் திரும்பிய அடிகள் எல்லாம் வந்தன. கேட்பவர்கள் அழவேண்டும் என்றே நினைத்துச் சொன்னேன். பன்னிரண்டு நிமிடம் போயிற்று. கண்ணாடிக்கு அப்பால் விருந்தினர் அறையில் சூசை கைகளை மடியில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். அவர் தொடங்கும்போது இரண்டு ஐம்பத்திரண்டு.

அப்போதும் கணக்கு இடித்துப் பிடித்துச் சரிவரும். முதல் அடி முடிய முன்னரே தொலைபேசி விளக்கு மினுங்கியது. குரோருட்டில் இருந்து ஒரு பிள்ளை. தகப்பன் அன்று காலையில் இறந்துவிட்டார். புதன்கிழமை அடக்கம்.

"இண்டைக்கு வாசிக்காட்டில் ஆக்களுக்குத் தெரியவராது அன்ரி. அடுத்த ஞாயிறு எண்டால் எல்லாம் முடிஞ்சிடும்." அவள் குரலில் தண்ணீர் இருந்தது.

எழுதி எடுத்தேன். இருபத்தைந்து பெயராவது இருக்கும். வாசிக்க இரண்டரை நிமிடம் வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு ஐம்பத்தேழு. மூன்று மணிக்கு அதே அலைவரிசையில் சோமாலியர்களின் நிகழ்ச்சி. நாங்கள் ஏற்கெனவே இரண்டுமுறை நேரம் தாண்டி எச்சரிக்கை வாங்கியிருந்தோம். மூன்றாவது என்றால் எங்கள் மணித்தியாலமே போய்விடலாம். அவர்களின் அறிவிப்பாளப் பெண் கதவடியில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள்.

சூசை ஐந்தாவது அடியில் இருந்தார். கண் மூடியிருந்தது. கண்ணாடிக்கு இப்பால் நின்று கை காட்டினேன், தெரியவில்லை. ஒருவர் போய்ப் பல வருடம், ஒருவர் போய்ச் சில மணித்தியாலம் என்று மனம் கணக்குப் போட்டது. பாட்டை அடுத்த கிழமை முழுதாகப் போடலாம், புதன்கிழமையைத் தள்ளிப்போட முடியாது. ஆறாவது அடி தொடங்கியதும் அவருடைய ஒலியை இறக்கினேன். மெதுவாக, மரியாதையாக இறக்கினேன். அறிவித்தலை வாசிக்கத் தொடங்கினேன்.

வாசித்தபடி நிமிர்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, உலகத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான் மைத்துனர்மாரின் வரிசையில் ஒரு 'காலஞ்சென்ற'வின் மேல் விரலை வைத்திருந்த நேரம், அவர் வாய் மூடிற்று. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பெயரைச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்தபோது முகம் நனைந்திருந்தது, ஆனால் பாரம் இறக்கிய ஆளின் முகம். "நல்லா வந்துதோ அக்கா?"

நேரம் போதாமல் ஆறாவது அடியில் ஒலியை இறக்கிவிட்டேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கைபேசி அடித்தது. தங்கை. எடுத்ததும் தாய் வாங்கிவிட்டாள். நடைபாதையில் நின்ற எனக்கும் அந்தக் குரல் கேட்டது.

"பேர் வரேல்லை! பாத்தியோ மோனை, பேர் வரேல்லை. அவன் இருக்கிறான்ரா."

"அம்மா, அது நேரம் காணாமல் இஞ்சை..."

"நேரமோ? நீ சொல்ல வெளிக்கிட்டனி. கடவுள் நிப்பாட்டினவர்."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு எந்தத் தொலைபேசியிலும் கேட்டதில்லை.

அடுத்த கிழமை முழுப் பாட்டையும் போடுவோமா என்று கேட்டேன். தாய் வேண்டாம் என்றுவிட்டாள். பூசையை நிறுத்தினாள். கட்டிய சேட்டுகளை அவிழ்த்துத் தோய்த்து, இஸ்திரி போட்டு அலுமாரியில் அடுக்கினாள். சூசை அவளை ஒஸ்லோவுக்குக் கூப்பிட விசா எடுத்து வைத்திருந்தார். அவள் வரவில்லை. "அவன் வந்தால் வீடு பூட்டியிருக்கக்கூடாது" என்றாளாம். சூசை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். போகும் ஒவ்வொரு முறையும் தம்பிக்கென்று புதிதாக ஒரு சேட்டு வாங்கிப் போகவேண்டும். அவள் கேட்பாள். அவர் வாங்குவார்.

என்னோடு அவர் கோபித்ததில்லை. ஒருமுறை சொன்னார்: "நானும் பஸ் ஓடுறவன் அக்கா. ஆள் ஓடிவாறது கண்ணாடியிலை தெரிஞ்சும் கதவைச் சாத்திப்போட்டு எடுத்த நாட்கள் இருக்கு. நேரம் எண்டால் நேரம்தானே."

அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

உங்கள் இடத்தில் இருந்து யோசித்துப் பார்க்கிறேன். சோமாலியப் பெண்ணிடம் ஓடிப்போய் இரண்டு நிமிடம் இரந்திருக்கலாம். இறந்தவரின் பெயரையும் புதன்கிழமையையும் மட்டும் சொல்லியிருக்கலாம். மைத்துனர்மார் கோபித்திருப்பார்கள், பிறகு ஆறியிருப்பார்கள். இதெல்லாம் இரண்டு ஐம்பத்தேழுக்கு உரிய யோசனைகள். வெட்டவேண்டியது இரண்டு நாற்பத்தைந்தில் இருந்தது. பாடுகிறவனை விளக்கு எரித்து நிறுத்துவது எவ்வளவு பாவம் என்று பன்னிரண்டு நிமிடம் ஊருக்கு உபதேசம் செய்தவள்தான் அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் அந்த விளக்கை எரித்தாள். நேரம் போதாமல் போனால் முதலில் உங்கள் வாயை வெட்டுங்கள், பிள்ளைகள். விருந்தாளியின் வாயைக் கடைசியாக.

போன மாதம் அந்தத் தாய் இறந்துவிட்டாள். உங்களில் இளையவள் எனக்கு எடுத்துக் கேட்டது நினைவிருக்கும்: "அன்ரி, சூசை அங்கிளின்ரை அம்மாவின்ரை அறிவித்தல். பிள்ளையள் மூண்டு பேர். ரெண்டாவது ஆளுக்கு 'காலஞ்சென்ற' பெட்டியிலை ஓம் எண்டும் போடேல்லை, இல்லை எண்டும் போடேல்லை. ரெண்டிலை ஒண்டு போடாட்டில் கொம்பியூட்டரிலை படிவம் போகாது." படிவத்தை விடு, நான் கடுதாசியில் எழுதிவந்து வாசிக்கிறேன் என்றேன்.

டி-பானே ரயில் எடுத்து ரொம்சோஸுக்குப் போனேன். சூசை சமையலறை மேசையில் வெள்ளைத்தாளோடு இருந்தார். வேலைச் சட்டையைக் கூட மாற்றவில்லை.

"தம்பி இல்லை அக்கா. அது எனக்கு அண்டைக்கும் தெரியும், இண்டைக்கும் தெரியும்," என்றார். "ஆனால் இது என்ரை அறிவித்தல் இல்லையே. அம்மாவின்ரை."

"என்ன எழுத?"

"முன்னாலை ஒண்டும் போடாதேங்கோ."

"பாட்டு, சூசை? இனி ஏழாவது அடியையும் பாடலாமே."

"ஆருக்கு? கேக்கவேண்டிய ஆள் போட்டா."

தாளை என் பக்கம் திருப்பினார். இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை அவர் என்னிடம் சொன்னதில்லை, கேட்க எனக்கு முகமும் இல்லை. அன்றுதான் பார்த்தேன். எமில். நோர்வேக்காரரும் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்; இந்த நகரத்தில் எந்தச் சிறுவர் பள்ளியிலும் ஒரு எமில் இருப்பான். பஸ் கதவு திறக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு தாய் எமில், எமில் என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்திருப்பாள். இந்த மனிதன் அதையும் கேட்டுக்கொண்டு கதவைச் சாத்திப் பஸ்ஸை எடுத்திருக்கிறார்.

ஞாயிறு சூசையும் வந்து கண்ணாடிக்கு அப்பால் அதே கதிரையில் இருந்தார். வாசித்தேன். "சூசை, எமில், மேரி ஆகியோரின் அன்புத் தாயாரும்" என்ற இடத்தில் விரலைப் பெயருக்கு முன்னால் இருந்த வெறும் இடத்தில் வைத்துக்கொண்டேன். உயிரோடிருப்பவர்களின் வரிசையில் அந்தப் பெயர் காற்றில் போயிற்று.

அறிவித்தல் முடிந்தபோது மூன்று மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. சூசையின் மைக்கைத் திறந்து அவரைப் பார்த்தேன். பாடுகிறீர்களா என்று கேட்கவில்லை, அவருக்கு விளங்கியது. இல்லை என்று தலையாட்டினார். முடிவு இசையைப் போட்டிருக்க வேண்டும். என் கை ஒலிப்பிடியில்தான் இருந்தது. பொறு என்று எனக்கு நானே சொன்னேன்.

நீங்கள் பிழை என்று நினைத்த அந்த ஒன்றரை நிமிடத்தில் போனது அவருடைய மூச்சு. கதிரை ஒருமுறை கிரீச்சிட்டது. மூன்று மணி தாண்டியது. சோமாலியப் பெண் கதவடிக்கு வந்தாள், அதே பெண்தான், இப்போது மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்தாள். தோள்பையைச் சத்தமில்லாமல் நிலத்தில் வைத்துவிட்டுச் சுவரோடு நின்றுகொண்டாள்.

சூசை முகத்தைத் துடைத்தார். "காணும் அக்கா, போதும்," என்றார். அதுவும் காற்றில் போயிருக்கும், நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

அதன் பிறகுதான் ஒலியை இறக்கினேன்.